இமைக்குள் ஓர் இரைச்சல்

தங்கையைக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, போன வார அத்தியாயத்தில் நம் பாட்டுக்குக் கிளம்பிவிட்டோம். பாவம், அவள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள். கழுத்தைச் சுற்றித் துண்டு, முகத்தில் கடுகடுப்பு.

"சீக்கிரம் அக்கா. ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு."

"அசையாம இரு. அசைஞ்சா மூக்குல மை பூசி அனுப்பிடுவேன்."

அக்காவுக்குத் தெருமுனையில் ஓர் அழகு நிலையம். இரண்டு நாற்காலி, ஒரு வாஷ்பேசின், சுவர் முழுக்கக் கண்ணாடி. மாடியில் வீடு. தெருவில் அவளுக்குப் பெயரே 'பார்லர்' என்றாகிவிட்டது. தங்கையை வீட்டில் எல்லோரும் குட்டி என்பார்கள். பெரிய ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் நிற்கிற வேலை. ஆளைவிட உயரமான பூச்சாடி, அதன் பக்கத்தில் பளிச்சென்று ஒரு முகம். அந்த முகத்துக்குத்தான் சம்பளம் கொடுக்கிறோம் என்று அவளுடைய மேனேஜர் வாய்விட்டே சொல்லியிருக்கிறார்.

அந்த முகத்தில்தான் இப்போது கோளாறு. வலது கண்ணின் மேலிமையில் ஒரு நீல நரம்பு. முதலில் தையல் நூல் அளவுக்குத்தான் தெரிந்தது. இப்போது நன்றாகத் தடித்து, புருவத்துக்குக் கீழே வளைந்து கிடக்கிறது. கண் வேறு சிவந்து, கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. தெரு டாக்டர் பார்த்தார். அலர்ஜி என்றார், சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அது வேலை செய்யவில்லை.

அக்காவிடம் ஏற்கெனவே வேறு ஒரு சொட்டு இருந்தது. அழுது அழுது கண் சிவந்து வரும் கல்யாணப் பெண்களுக்குப் போடுவது. விட்டால் கொஞ்ச நேரத்தில் கண் வெளுத்துவிடும். இமை நரம்புக்கு மேல் முதலில் ஆரஞ்சு நிறப் பூச்சு, அதற்கு மேல் தோல் நிறம், அதற்கும் மேல் பவுடர். தள்ளியிருக்கும் கண்ணுக்கு மை கொஞ்சம் தடிமனாக, மற்றதற்கு மெல்லிசாக. முடித்தபோது இரண்டு கண்ணும் ஜோடி சேர்ந்துவிட்டன. இதில் அவளை அடிக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

"காதுக்குள்ள அந்தச் சத்தம் இன்னும் கேக்குது அக்கா. ராத்திரி தலையணையில சாய்ஞ்சா, உஸ் உஸ்னு."

"தலையணையை மாத்துன்னு சொன்னேனே."

"மாத்தியாச்சு."

"அப்ப தலையை மாத்து."

குட்டி சிரித்தாள். சிரித்ததும் வலித்தது போலிருக்கிறது, நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அக்கா அதைப் பார்த்தாள். பார்த்தும், நேரமாகிவிட்டதே என்று துண்டை உருவி அவளை அனுப்பிவைத்தாள்.

வெயில் ஏறிய பிறகு ஹோட்டலிலிருந்து போன் வந்தது. அக்கா ஒரு வாடிக்கையாளருக்குத் தலைச்சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"உங்க தங்கச்சிக்கு என்னங்க பிரச்சினை?" மேனேஜரின் குரலில் கோபமா பயமா தெரியவில்லை. "கெஸ்ட் இந்தப் பக்கம் நிக்கிறார். இவங்க அந்தப் பக்கம் பார்த்து வெறும் காத்துகிட்ட சாவியை நீட்டிட்டு இருக்காங்க. கேட்டா ரெண்டு பேர் தெரியுறாங்கன்னு சொல்றாங்க. இப்ப உக்காந்து வாந்தி எடுக்கிறாங்க."

பாதித் தலை கறுப்பும் பாதித் தலை வெள்ளையுமாக இருந்த அம்மாளை அப்படியே போட்டுவிட்டு அக்கா ஓடினாள். அந்த அம்மாள் பின்னாலேயே கூப்பிட்டதுகூட அவள் காதில் விழவில்லை.

*

பெரிய கண் ஆஸ்பத்திரி. டாக்டர் ஐம்பதை ஒட்டிய பெண்மணி, அவசரப்படாதவர். குட்டியின் முகத்தை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தெரு டாக்டரின் சீட்டைப் பார்த்தார்.

"லேசான சிவப்புன்னுதான் எழுதியிருக்கார். இது லேசான சிவப்பு இல்லையே. அவர்கிட்ட போனப்ப கண்ணு இப்படி இல்லையா?"

குட்டி அக்காவைப் பார்த்தாள். அக்காதான் பதில் சொன்னாள்.

"இப்படித்தான் இருந்துச்சு டாக்டர். அன்னைக்கு அவ வேலைக்குப் போற வழியில அவரைப் பார்த்தா. நான் சொட்டு போட்டு அனுப்பியிருந்தேன். கண்ணை வெளுப்பாக்குற சொட்டு. நரம்பையும் மறைச்சிருந்தேன்."

"எத்தனை நாளா மறைக்கிறீங்க?"

"தினமும்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு பஞ்சை நனைத்து வலது இமையை மட்டும் துடைத்தார். ஆரஞ்சும் தோல் நிறமும் பஞ்சில் ஏறின. அடியில் அந்த நீலம் காலையில் இருந்ததைவிடத் தடித்திருந்தது.

"கண்ணை மூடும்மா." மூடிய இமையின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். கண்ணில் ஸ்டெதஸ்கோப் வைத்து அக்கா பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, குழாயை அக்காவிடம் நீட்டினார். "நீங்களும் கேளுங்க."

அக்கா காதில் மாட்டிக்கொண்டாள். உஸ். உஸ். உஸ். ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் ஒரு தரம், கண்ணுக்குள்ளிருந்து. இதைத்தான் இவள் இத்தனை நாள் ராத்திரி தனியாகப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தலையை மாற்று என்று கிண்டல் பண்ணியிருக்கிறேனே. அக்காவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைத் திரையில் போட்டு டாக்டர் விரலால் காட்டினார். இடது கண்ணுக்குப் பின்னால் மெல்லிய கோடு. வலது கண்ணுக்குப் பின்னால் அதே கோடு, சுண்டுவிரல் மாதிரி.

"நீங்க நரம்புன்னு சொல்றது நரம்பு இல்லம்மா. கண்குழியில இருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோற குழாய். கண்ணுக்குப் பின்னால மூளைக்குப் போற பெரிய தமனி ஒண்ணு இருக்கு. அதோட சுவர் கிழிஞ்சு, அந்த வேகத்துல வர்ற ரத்தம் இந்தக் குழாய்க்குள்ள எதிர்த்துப் பாயுது. அதான் வீக்கம், அதான் சத்தம். கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறிட்டிருக்கு. விட்டா பார்வை போயிரும். மூளையில கசிஞ்சா அதுக்கும் மேல."

"ஏன் கிழிஞ்சுது?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். இந்தக் குழாய் பல காரணத்துக்கு வீங்கும். தைராய்டு, ரத்தக்கட்டி, மூளையில அழுத்தம், எல்லாத்துக்கும் கண்ணு ஒரு அறிகுறி காட்டும். இவங்களுக்குக் கிழிசல். தலையில அடிபட்டா கிழியலாம். விழுந்தியாம்மா?"

"இல்ல டாக்டர்."

"வண்டியில போறப்ப எதுலயாவது இடிச்சுக்கிட்டியா?"

"இல்லையே."

டாக்டர் குட்டியின் சட்டைக் கையை மேலே ஏற்றினார். முழங்கைக்கு மேல் கன்னிப்போன பழைய தடம் ஒன்று, மஞ்சளும் பச்சையுமாக. ஊசி போட்ட இடத்தில் புதுசாக ஒன்று. தோலுக்கு அடியில் நீலக் கோடுகள் வரைபடம் போலத் தெரிந்தன.

"எப்பவும் இப்படித்தானா?"

"சின்ன வயசுல இருந்தே," என்றாள் அக்கா. "புருவத்துக்கு நூல் போட்டா ஒரு வாரத்துக்குக் கன்னிப்போயிருக்கும். அதனால இவளுக்கு நூலே போடறதில்ல. உனக்குத் தோலா பாலாடையான்னு கேப்பேன்."

சொல்லி முடித்த பிறகுதான் டாக்டர் எழுதுவதை நிறுத்தியிருந்ததைக் கவனித்தாள்.

"வீட்ல சின்ன வயசுல யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?"

குட்டிதான் சொன்னாள்.

"எங்க அண்ணன். குடிச்சுச் செத்தான்."

"குடிச்சுன்னா?"

"வயித்து வலின்னு ராத்திரி துடிச்சான். ஆபரேஷன் பண்ணாங்க. மேஜையிலயே போயிட்டான். அன்னைக்கு சாயங்காலம் குடிச்சிருந்தான். வீட்ல ஒழுங்கா இருந்திருந்தா அவன் ஏன் குடிக்கப் போறான்." கடைசி வாக்கியத்தை அவள் வேறு யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள். அது யாருக்கு என்று அக்காவுக்குத் தெரியும்.

"வயித்துக்குள்ள என்ன பார்த்தாங்க? சர்ஜன் என்ன சொன்னார்?"

"எங்ககிட்ட சொல்லலை," என்றாள் அக்கா. "அவர் பேசினது அண்ணிகிட்டதான்."

"அப்ப அவங்ககிட்ட கேளுங்க. இப்பவே." டாக்டர் பேனாவை மூடினார். "நாங்க வழக்கமா தொடை வழியா தமனிக்குள்ள மெல்லிசா ஒரு கம்பி விட்டு, மேல வந்து அந்தக் கிழிசலை அடைப்போம். உங்க அண்ணனுக்கு ரத்தக்குழாய் தானா கிழிஞ்சு இறந்திருந்தார்னா, இவங்களுக்கும் அதே உடம்பா இருக்கலாம். அப்ப அந்தக் கம்பி போற வழியெல்லாம் கிழிக்கும். ரத்தப் பரிசோதனை முடிவு வர நாளாகும். இந்தக் கண்ணு அவ்வளவு நாள் தாங்காது."

டாக்டர் வெளியே போனதும் குட்டி எழுந்து உட்கார்ந்தாள்.

"அவளைக் கூப்பிடாதே."

"குட்டி."

"அவகிட்ட போய் நின்னு எனக்குக் கண்ணு வேண்டாம்."

"கண்ணோட நிக்கும்னு யார் சொன்னது?" என்று அக்கா கேட்டாள். குரல் அவளுக்கே பழக்கமில்லாததாக இருந்தது. குட்டி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

*

பழைய வாசகர்களுக்கு அந்த வாசல் நினைவிருக்கும். அண்ணனின் உடலைக் கிடத்தியிருந்த அன்று, கூட்டம் பார்க்க, குட்டி அண்ணியைப் பார்த்து, "நீதான் கொன்ன" என்று கத்தினாள். அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். யாரும் விடவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணி படியிறங்கிப் போனது மூன்று வருஷத்துக்கு முன்னால். அதற்கப்புறம் போக்குவரத்து இல்லை.

நடைபாதை ஜன்னலோரம் நின்று அக்கா எண்ணை அழுத்தினாள். எண் இன்னும் 'அண்ணி' என்ற பெயரிலேயே இருந்தது. அழிக்க மனசு வந்ததில்லை.

"அண்ணி, நான்தான்."

பின்னால் இயந்திரச் சத்தம். அண்ணி ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர்.

"எந்த நான்?"

"பெரியவ."

சத்தம் தள்ளிப் போனது. எங்கோ ஒரு கதவு சாத்தப்பட்டது. "சொல்லு."

அக்கா சொன்னாள். கண், குழாய், சத்தம், கம்பி, எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகச் சொல்லி முடித்தாள்.

"அண்ணன் எப்படிச் செத்தார்னு டாக்டர் கேக்கறாங்க அண்ணி."

"டாக்டர் கேக்கறாங்களா, நீங்க கேக்கறீங்களா?"

"நாங்களும்தான்."

"இப்பதான் கேக்கத் தோணிச்சா?"

"ஆமா அண்ணி. இப்பதான்."

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "எந்த ஆஸ்பத்திரி?"

"போன்லயே சொன்னா போதும், நீங்க அலைய வேண்டாம்."

"போன்ல சொன்னா பாதியில வச்சிருவீங்க. நேர்ல சொல்றேன். பொண்ணை ஸ்கூல்ல இருந்து கூட்டணும், அதுக்குள்ள நான் கிளம்பியாகணும், பார்த்துக்க."

பொண்ணு என்ற சொல் போனை வைத்த பிறகும் அக்காவின் காதில் நின்றது. அந்தக் குழந்தைக்கு ஞாயிறு தவறாமல் தலை பின்னிவிட்டவள் அவள்தான்.

*

அண்ணி வந்தபோது புடவையில் அட்டைத்தூள் ஒட்டியிருந்தது. மெலிந்திருந்தாள். அக்காவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு நேராகக் கட்டிலுக்குப் போனாள். குட்டி திரும்பவில்லை. அண்ணியும் அவளைக் கூப்பிடவில்லை. டாக்டரைப் பார்த்தே பேசினாள்.

"அன்னைக்கு அவர் குடிச்சது ஒரு பீர். கூட வேலை பாக்குறவர் பிரிஞ்சு போறார்னு எல்லாருமா குடிச்சாங்க. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பொண்ணோட விளையாடினார். அப்புறம்தான் வயித்தைக் கத்தியால குத்துற மாதிரி இருக்குன்னார்."

"ஆபரேஷன்ல?"

"சர்ஜன் பாதியில வெளிய வந்தார். வயித்துல பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்குன்னார். தைக்கிறோம், ஊசி குத்துற இடமெல்லாம் மறுபடி கிழியுது, நனைஞ்ச தாளைத் தைக்கிற மாதிரி இருக்குன்னு சொன்னார். இவருக்கு முன்னாடியே ஏதாவது வியாதி இருந்துச்சான்னு கேட்டார். தெரியலைன்னேன். அதை விசாரிக்கணும், கூடப் பிறந்தவங்களையும் சோதிச்சுப் பார்க்கச் சொல்லுங்கன்னார்."

அண்ணி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அதைச் சொல்லத்தான் வாசல்ல நின்னேன். கூடப் பிறந்தவங்களைப் பார்க்கச் சொன்னாங்கன்னு. யாருக்கும் கேக்கலை."

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அண்ணி வாயைத் திறந்தபோது ஒருத்தர், ஒரே ஒருத்தர், இருங்க அவ என்ன சொல்றான்னு கேப்போம் என்று சொல்லியிருந்தால் குட்டிக்கு இன்று இந்தக் கதி இல்லை. அந்த ஒருத்தர் தானாக இருந்திருக்கலாம்.

டாக்டர் அண்ணியின் கையைத் தொட்டார். "நீங்க வந்தது நல்லதாப் போச்சு. தமனி வழி வேண்டாம். வேற வழியில போறோம்."

"என்ன வழி?" என்றாள் அக்கா.

"வீங்கியிருக்கிற அந்தக் குழாய்தான். புருவத்துக்குக் கீழ சின்னதாக் கீறி, அதுக்குள்ள நுழைஞ்சு, பின்னால இருந்து அடைக்கப் பார்க்கிறோம். இதுலயும் ஆபத்து இருக்கு, மறைக்க மாட்டேன். ஆனா சும்மா விடறது அதைவிட ஆபத்து. இன்னைக்கே பண்ணணும்." கதவருகே போனவர் திரும்பினார். "இது பரம்பரையா வர்ற உடம்பா இருக்கலாம். அப்புறமா உங்களையும் சோதிக்கணும்."

அக்கா தன் கையைப் புரட்டிப் பார்த்தாள். சாயக் கறை ஏறிய தடித்த தோல். நரம்பு தேடினாலும் கிடைக்காது. தனக்கு ஒன்றுமில்லை போலிருக்கிறதே என்று ஒரு நொடி நிம்மதி வந்தது. வந்ததற்காக வெட்கப்பட்டாள்.

நர்ஸ் உள்ளே வந்தாள். "முகத்துல ஒரு பொட்டு பூச்சுகூட இருக்கக் கூடாது. சுத்தமாத் துடைக்கணும்."

"நான் துடைக்கிறேன்," என்றாள் அக்கா. "நான் போட்டதுதான்."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குட்டியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். மாலை வெயில் ஜன்னல் வழியாக நேரே முகத்தில் விழுந்தது. முதலில் உதடு, பிறகு கன்னம், பிறகு இடது கண். பார்லரில் ஒரு முகத்தைத் துடைக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆகாது. இன்றைக்குக் கை நகரவே மறுத்தது. அழுத்தினால் கன்னிப்போகும் தோல். நனைந்த தாள் என்று இப்போதுதான் கேட்டிருக்கிறாள்.

"அண்ணி," என்றாள் குட்டி, கண்ணை மூடியபடியே. "நான் அன்னைக்கு..."

"இப்பப் பேசாதே. வாயை அசைச்சா அவளால துடைக்க முடியாது."

அண்ணி கட்டிலின் அந்தப் பக்கம் வந்து நின்றாள். குட்டியின் கை போர்வைக்கு வெளியே துழாவியது. அண்ணி உடனே பிடித்துவிடவில்லை. கொஞ்சம் பார்த்தாள். பிறகு இரண்டு விரலால், பட்டும் படாமலும் பிடித்துக்கொண்டாள். அதற்கே குட்டி அழுதாள். அழுத கண்ணீரோடு மிச்ச மையும் போனது.

டாக்டர் விட்டுவைத்த இடங்களை எல்லாம் துடைத்து, அக்கா கடைசியாக வலது இமைக்கு வந்தாள். புருவத்தின் அடியில் இன்னும் ஒரு விரற்கடைக்குப் பூச்சு இருந்தது. அதையும் எடுத்ததும் முழுக் குழாயும் தெரிந்தது. நீலமாக, வளைந்து, துடித்துக்கொண்டிருந்தது. நெற்றியிலும் கழுத்திலும்கூட மெல்லிய நீலக் கோடுகள் ஓடின. பூச்சு இல்லாத தங்கையின் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று அக்காவுக்கே தெரியவில்லை.

அண்ணி குனிந்தாள். அந்தக் கழுத்தையே பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போவது அக்காவுக்குத் தெரிந்தது.

"என்ன அண்ணி?"

"இந்தக் கோடு." அண்ணியின் குரல் கீழே இறங்கிவிட்டது. "என் பொண்ணுக்கு இருக்கு. கழுத்துல, நெஞ்சுல. குளிக்க ஊத்துறப்ப தினமும் பார்க்கிறேன். விளையாடப் போனா முட்டியெல்லாம் கன்னிப்போய் வருவா. வால்தனம்னு நான் அடிப்பேன்."

அக்காவின் கையில் பஞ்சு அப்படியே நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் மடியில் உட்கார்ந்திருந்த அந்தச் சின்னக் கழுத்து நினைவுக்கு வந்தது. பின்னும்போது அவளும்தான் பார்த்திருக்கிறாள்.

"நீதான பெரியவளே வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லுவ," என்றாள் அண்ணி. "இந்தத் தோலைப் பாருங்க, அப்படியே அவ அப்பாவை உரிச்சு வச்சிருக்குன்னு. எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கும் தெரியுமா."

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் உள்ளே வந்தார்கள். குட்டியின் கை அண்ணியின் விரல்களை விடவில்லை. அண்ணி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்டிருக்கும்.

"அந்த டாக்டர் திரும்ப எப்ப வருவாங்க?" என்று கேட்டாள்.